அந்த மண்டபத்தில் நான் கைதட்டியது பற்றி

மகள்,

அஸ்ஸலாமு அலைக்கும். தொலைபேசியில் நீயும் நானும் கதைத்து முடிக்க முடியாமல் போனதை எழுதித் தீர்க்கலாம் என்று மில்லுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பப் போவதில்லை. ஊர்ச் சஞ்சிகைக்கும் கொடுக்கப் போகிறேன். நம் வீட்டு விஷயம் இப்போது நம் வீட்டுக்குள் இல்லை. இங்கிலாந்தில் உன் சிநேகிதி எடுத்த வீடியோ கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் ஆட்களின் கைத்தொலைபேசிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. நீல அங்கி போட்ட ஒரு கூட்டம் எழுந்து நின்று பாடுகிறது. முன்வரிசையில் வெள்ளைத் தொப்பியும் இரவல் கம்பளிக் கோட்டும் போட்ட ஒரு கிழவன் கைதட்டிக்கொண்டிருக்கிறான். அந்தக் கிழவன் உன் வாப்பா. கீழே யாரோ எழுதியிருக்கிறான்: ஹாஜியார் சேர்ச்சில்.

எனக்கு இது எப்படித் தெரியவந்தது தெரியுமா? உன் மாமா மில்லுக்கு வந்தான். நெல் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"மச்சான், இனி நாங்க உங்கள ஹாஜியார் எண்டு கூப்பிடுறதா, பாதர் எண்டு கூப்பிடுறதா? ஆக்கள் கேக்கிறாங்க, நான் என்ன சொல்ற?"

"ஆக்கள் கேக்கல்ல. நீதான் கேக்கிறாய்," என்றேன்.

"சரி, நான்தான் கேக்கிறன். இது நீங்கதானே?"

"ஓம், நான்தான்."

"கை தட்டுறீங்கதானே?"

"ஓம், தட்டுறன்."

அதற்குப் பிறகு அவன் என்னைப் பார்த்த பார்வைதான் என்னை உலுக்கிவிட்டது. நாற்பது வருடமாக என்னைத் தெரிந்தவன், இப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்தான். ஆகவே, மகள், நடந்ததை நடந்த மாதிரியே எழுதுகிறேன். ஊர் வாசிக்கட்டும். நீயும் வாசி. நீ என்னிடம் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்பது எனக்கு மறக்கவில்லை. "வாப்பா, நீங்க வலீயா நிண்டு சம்மதம் சொன்னாத்தான் எனக்கு நிக்காஹ். வேற வழி நான் தேட மாட்டன். ஓம் எண்டா ஓம், இல்ல எண்டா இல்ல. ஆனா சொல்லிருங்க," என்றாய். பெண்ணுக்காகச் சம்மதம் கொடுக்கிற வலீ தகப்பன்தான். தகப்பன் வாய் திறக்காவிட்டால் மௌலவி நிக்காஹ் சொல்ல மாட்டார். நான் வாய் திறக்கவில்லை. போனை உன் உம்மாவின் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனேன். அந்தக் கேள்வி அன்றைக்கு விட்ட இடத்திலேயே கிடக்கிறது.

என் காது எப்படிப்பட்டது என்பதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்குச் சொல்ல வேண்டும். எனக்குப் பாட்டுச் சொல்லித் தந்தவர் ஒருவரும் இல்லை. சவளக்கடையில் மில் போட்ட காலத்தில், மத்தியானம் இயந்திரத்தை நிறுத்தினால் காது சும்மா கிடக்கும். ரேடியோவைத் திருகினால் கடலுக்கு அப்பாலிருந்து கச்சேரி வரும். முதலில் அது எனக்கு ஒரே ஆளின் நீண்ட முறைப்பாடாகத்தான் கேட்டது. பிறகு, இந்த மனிதன் ஏன் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வருகிறான் என்று யோசித்தேன். அந்த இடம்தான் சட்ஜம் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு போகம் போயிற்று. பழைய புத்தகக் கடையில் சுரங்களைப் பற்றி ஒரு கிழிந்த பாடநூல் வாங்கி, தொடையில் தட்டித் தட்டி ஆதி தாளம் படித்தேன். காரைதீவில் கோயில் திருவிழா வந்தால் தெருவோரத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, அதன்மேல் இருந்தபடியே நாதஸ்வரம் கேட்பேன். உள்ளே போனதில்லை. ஊரில் எனக்கு விழுந்த பேச்சு கொஞ்சமல்ல. பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்தவர்கள் கூப்பிட்டு, அதெல்லாம் அவர்களுடைய தெய்வத்தைப் பாடுகிற பாட்டு, உமக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். நான் சொன்ன பதில் அன்றும் இன்றும் ஒன்றுதான்: என் தொழில் அரிசியை எடுத்துக்கொண்டு உமியைத் தள்ளுவது. ராகத்தை எடுக்கிறேன், சொல்லைத் தள்ளுகிறேன். பிரிக்க ஏலாது என்று மட்டும் சொல்வார்கள், ஏன் என்று யாரும் எனக்கு மறுமொழி சொன்னதில்லை. சொல்ல முடியாது என்றே நினைத்திருந்தேன்.

உன்னையும் அப்படித்தான் வளர்த்தேன். கேட்கும்போது அசையக்கூடாது. தலையை ஆட்டுவதுகூடப் பாடுகிறவனுக்குச் செய்யும் தொந்தரவு. உனக்குத் தோடியும் பைரவியும் பிரித்துச் சொல்லத் தெரியும், பள்ளிக்கூடத்தில் உன்னோடு படித்த ஒருத்திக்கும் தெரியாது. அந்தப் பிள்ளை இங்கிலாந்தில் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலைக்குப் போய், ஒரு நாள் போனில், "வாப்பா, ஒரு ஆளப் பத்திக் கதைக்கணும்" என்றபோது நான் எதிர்பார்த்தது வேறு. நம் கரையில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவான். அதற்காகத்தான் வளவில் உனக்கு வீடு கட்டி ஓடு போட்டேன். தாய்வழிக் குடி கேட்போம், குடும்பம் கேட்போம். நீ சொன்ன ஆளுக்கு என்ன குடியைக் கேட்பது? யூசுப் என்று பெயர். உன்னைக் காணுமுன்பே, பல வருடங்களுக்கு முன்பு, தானாகவே இஸ்லாத்துக்கு வந்தவன். தாய் ஜமைக்காவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறி, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இன்னும் கிறிஸ்தவர். அதுவும், கொஸ்பல் என்று அவர்களுடைய துதிப்பாட்டைக் கூட்டமாகப் பாடுகிற ஒரு குழுவுக்குத் தலைவி. நான் அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டேன்.

"வந்து பாருங்க, பாத்துட்டு வேணாம் எண்டு சொல்லுங்க," என்றாய். வந்தோம். குளிர் என் எலும்புக்குள் போயிற்று. யூசுபைப் பார்த்தேன். நெடிய ஆள், மெதுவாகக் கதைக்கிறவன். தொழுகை நேரம் வந்தால் கதையை நடுவில் விட்டுவிட்டு எழும்புகிறான். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, அதுவும் எனக்கு ஒரு எரிச்சல். அவனைச் சோதிக்க நினைத்து, நீ மொழிபெயர்க்க, கேட்டேன்: "நாளைக்கு உங்களுக்குப் புள்ளைகள் புறந்து, உங்கட உம்மா அவங்கட பாட்டப் பாடினா, புள்ளைகள் என்ன செய்யும்?"

அவன் ஒரே சொல்லில் பதில் சொன்னான். நீ சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாய்: "கேக்குமாம், வாப்பா."

இதற்குப் பிறகுதான் அந்தச் சனிக்கிழமை. அது நகர மண்டபம். சேர்ச் அல்ல. இதை ஊர் கவனமாக வாசிக்க வேண்டும். வாசலில் டிக்கெட் கிழித்தார்கள், உள்ளே நாற்காலி போட்டிருந்தது, சிலுவை ஒன்றும் இல்லை. யூசுபின் தாய் எங்களுக்கு முன்வரிசையில் இடம் வைத்திருந்தார். யூசுப் பின்னால் போய் உட்கார்ந்தான். அவனும் ஒரு காலத்தில் அந்தக் குழுவில் பாடியவன், இஸ்லாத்துக்கு வந்தபின் விட்டுவிட்டான் என்று நீ என் காதில் சொன்னாய். நான் கைகளை மடியில் வைத்து, கச்சேரிக்கு உட்காருவதுபோல் உட்கார்ந்தேன்.

பாடத் தொடங்கிய அந்தக் கணத்தை நான் மறக்க முடியாது. எல்லோரும் நின்றுகொண்டு பாடினார்கள். நிற்பது மட்டுமல்ல, ஒரே அலையாக இடமும் வலமும் ஆடினார்கள். பெண்களில் ஒரு கூட்டம் மேலே ஒரு சுரத்தில், இன்னொரு கூட்டம் அதற்குக் கீழே ஒரு சுரத்தில், ஆண்கள் எங்கோ அடியில். எல்லோர் வாயிலும் ஒரே சொல்தான், ஆனால் ஆளுக்கொரு சுரம். இத்தனை பேர், இவ்வளவு நல்ல குரல்கள், ஒருவருக்கும் சுருதி பிடிக்கத் தெரியவில்லையே என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். நம்முடைய சங்கீதத்தில் ஐந்து பேர் பாடினாலும் ஐந்து பேரும் ஒரே சுரத்தில் நிற்க வேண்டும். ஒருவன் விலகினால் அது பிழை. இங்கே முழுக் கூட்டமும் விலகி நிற்கிறது, சனம் சந்தோஷப்படுகிறது. உன் உம்மாவைப் பார்த்தேன். அவள் அந்த நீல அங்கிகளின் துணியை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

அடுத்தது கைதட்டு. சங்கதி புரியாவிட்டாலும் தாளம் பிடித்துக்கொண்டால் விழாமல் இருக்கலாம் என்று தொடையில் ஆதி தாளம் போட்டேன். எண்ணிக்கை சரியாகவே பொருந்தியது. முதல் எண்ணிக்கையில் என் கை தொடையில் விழுந்தது. மண்டபம் சும்மா இருந்தது. நான் சுண்டுவிரலை மடக்குகிற இடத்தில் மண்டபம் முழுக்கத் தட்டியது. பின்பாதியில் நான் கையைத் திருப்பி வீசுகிற இடங்களில் எல்லாம் தட்டினார்கள். ஒரு தடவை தவறினால் தவறு எனலாம். ஒரு தடவையும் அவர்கள் சமத்தில், அந்த முதல் எண்ணிக்கையில், தட்டவில்லை. ஆயிரம் கை சேர்ந்து பிழையான இடத்தில் விழுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் ஏலாது. தட்டு எங்கே விழ வேண்டும் என்று காட்டுவதற்காக, நான் உரக்கத் தட்டத் தொடங்கினேன்.

வீடியோவில் இருப்பது இதுதான். ஒலியைக் கூட்டிப் போட்டுப் பாருங்கள். என் கை விழும்போது மண்டபம் மௌனமாக இருக்கிறது. மண்டபம் தட்டும்போது என் கை விரிந்து நிற்கிறது. நான் அவர்களோடு சேர்ந்து தட்டவில்லை. அவர்களுக்கு எதிராகத் தட்டினேன்.

"சும்மா இரிங்க மனிசன், ஆக்கள் பாக்கிறாங்க," என்று உன் உம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"பாக்கட்டும். பாத்துப் படிக்கட்டும்," என்றேன்.

அப்போது யூசுபின் தாய் முன்னுக்கு வந்து தனியாகப் பாடத் தொடங்கினார். அவர் ஒரு வரி பாட, முழுக் கூட்டமும் மறுமொழி சொல்லும். குரல் தடித்த குரல், கீழே கரகரப்பு, மேலே போனால் சுத்தம். காந்தாரத்தைத் தொடும்போது அவர் இரண்டு காந்தாரத்துக்கும் நடுவில் எங்கேயோ தொட்டார். அப்படி ஒரு காந்தாரம் என் பாடநூலில் இல்லை. பிழை என்று சொல்ல வாயெடுத்தவன், தோடியில் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்காமல் அசைவதை நினைத்துக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டேன். அவர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பிடித்தார். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி. அதை நான் அறிவேன், அது நிரவல். பல்லவி பாடுகிறவன் ஒரு வரியை வைத்து அரை மணித்தியாலம் செய்வதை இந்தப் பெண்மணி செய்கிறார் என்று எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. உட்கார்ந்த அதே நேரத்தில், ஒரு மூச்சில், பாடற்குழு முழுதும் அரைச் சுரம் மேலே ஏறியது. சட்ஜத்தோடு ஏறியது.

மகள், இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நம் கச்சேரியில் தம்புரா மீட்டத் தொடங்கிய சட்ஜம் மங்களம் பாடி முடியும் வரைக்கும் அங்கேதான் இருக்கும். பாட்டு எங்கே போனாலும் அது போகாது. அது போகாது என்பதில்தான் மற்ற எல்லாம் நிற்கிறது. என் ஆயுளில் என் காதுக்குள் சட்ஜம் நகர்ந்ததில்லை. அன்றைக்கு நகர்ந்தது. நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். சரி, ஒரு விபத்து என்று நினைப்பதற்குள் இன்னொரு அரைச் சுரம் ஏறினார்கள். பிறகு இன்னொன்று. பக்கத்தில் திரும்பிப் பார்த்தால் உன்னைக் காணவில்லை. நீ எழுந்து நின்றாய். அசையாமல் கேட்கப் படித்த என் பிள்ளை, தலைமுக்காடு சரிய, நின்ற இடத்தில் ஆடிக்கொண்டு, அவர்கள் தட்டுகிற அதே இடத்தில் கைதட்டிக்கொண்டிருந்தாய். உன் முகம் நனைந்திருந்தது. சட்ஜம் நகர்ந்ததைவிட அது எனக்குப் பெரிய அதிர்ச்சி. என் காது ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் என் கையிலுள்ள மயிர் எல்லாம் எழுந்து நின்றது. அதை ஊருக்கு முன்னால் மறைக்கப் போவதில்லை.

முடிந்ததும் யூசுபின் தாய் மேடையிலிருந்து நேரே என்னிடம் வந்தார். கை கொடுக்கவில்லை. நம் முறையை மகனிடம் கேட்டு வைத்திருந்தார் போலும், தன் நெஞ்சில் கையை வைத்தார். வேர்த்துக் கொட்டியிருந்தது. என் இங்கிலீசு பத்திரிகை வாசித்துத் தானாகப் படித்த இங்கிலீசு, அவருடைய பேச்சு எனக்குப் பிடிபடவில்லை. நீதான் இடையில் நின்றாய்.

"வாப்பா, அவங்க கேக்கிறாங்க, நீங்க அவங்களத் திருத்தினீங்களா எண்டு."

"ஓம் எண்டு சொல்லு."

"வாப்பா."

"ஓம் எண்டு சொல்லு."

நீ சொன்னாய். அவர் தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தார். பிறகு தரையைக் காட்டி ஏதோ சொல்லி, அந்த இடத்திலேயே நடந்து காட்டினார். சமத்தில் அவருடைய கால் தரையில் விழுந்தது. அடுத்த எண்ணிக்கையில் கை தட்டியது. மறுபடி கால், மறுபடி கை. "கால் கேக்குமாம், கை மறுமொழி சொல்லுமாம்," என்றாய். நான் கீழே பார்த்தேன். மண்டபத்தை விட்டுப் போய்க்கொண்டிருந்த சனத்தின் கால்களையும் பார்த்தேன். முழு நேரமும் நான் கைகளையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். நமக்குத் தாளம் கையில் இருக்கிறது, நம் பாடகர் உட்கார்ந்து பாடுகிறவர், அவருடைய காலை யார் பார்த்தது? இவர்களுடைய தாளம் காலில் இருந்தது. சமம் ஒரு தடவையும் தவறவில்லை. எனக்கு மில் வாசலில் வழுக்கி விழுந்ததுபோல் இருந்தது. ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை. சட்ஜத்தை ஏன் நகர்த்தினீர்கள் என்று அடுத்ததைக் கேட்டேன்.

"நிண்ட இடத்தில நிண்டு கேட்டும் கிடைக்கல்ல எண்டா, ஒரு படி ஏறி நிண்டு கேக்கிறதாம்."

அது தப்பு என்றுதான் இன்றும் சொல்கிறேன். கேட்பதானால் நின்ற இடத்தில் நின்று கேட்க வேண்டும். ஆனால் அவர் கேட்ட மாதிரி கேட்டால் என்ன கிடைக்கும் என்று நானும் அந்த மண்டபத்தில் ஒரு கணம் எதிர்பார்த்துக்கொண்டு இருந்தேன்.

பிறகு, நல்ல வார்த்தை ஒன்று சொல்லிவிட்டுப் போகலாம் என்று நினைத்து, என் வழக்கமான பதிலைச் சொன்னேன். நான் மில்காரன், அரிசியை எடுத்துக்கொண்டு உமியைத் தள்ளுகிறவன், உங்கள் குரலையும் அந்த நிரவலையும் எடுத்துக்கொண்டேன், சொல்லை விட்டுவிட்டேன், அருமையாக இருந்தது என்றேன். பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னேன். நீ மொழிபெயர்க்கத் தயங்கினாய். நான் விடவில்லை. அவர் முகத்திலிருந்த சிரிப்பு போயிற்று. கோபப்படவில்லை. மெதுவாகக் கேட்டார்.

"எது உமி எண்டு ஆர் முடிவெடுத்த எண்டு கேக்கிறாங்க, வாப்பா." பிறகு அடுத்ததையும் சொன்னாய். "இது அவங்களுக்குப் பாட்டு இல்லையாம். துஆவாம், படைச்சவனிட்டக் கேக்கிறதாம். சொல்லை எடுத்துப் போட்டா, அவங்களுக்கு வாய் திறக்கிறதுக்கே ஒண்டும் இல்லையாம்."

அரை நூற்றாண்டாகப் பள்ளி நிர்வாகமும் மௌலவிமாரும் என்னிடம் சொல்லி வந்ததும் இதுதானே. சொல்லையும் ராகத்தையும் பிரிக்க ஏலாது, ஆகவே கேட்காதே என்றார்கள். இந்தப் பெண்மணியும் பிரிக்க ஏலாது என்கிறார், ஆனால் கேள் என்கிறார். எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த ஒருவர் அதே இடத்தில் என்னைப் பிடித்துவிட்டார்.

மறுநாள் அவர் வீட்டில் பகல் சாப்பாடு. ஆட்டுக்கறி வைத்திருந்தார். நம் வீட்டுக் கறித்தூள் மணம். உன் உம்மா இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டாள். இறைச்சி ஹலாலா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, என் முகத்தைப் பார்த்து அவரே சொன்னார். யூசுப் மார்க்கம் மாறிய நாளிலிருந்து அந்த வீட்டில் வேறு இறைச்சி வருவதில்லையாம்.

"அப்ப உங்களுக்கு மகன் மாறினது சம்மதமா?" என்று கேட்டேன்.

"இல்லையாம்," என்றாய் நீ. "அண்டைக்கும் இல்ல, இண்டைக்கும் இல்லையாம். ஒவ்வொரு நாளும் அவர் திரும்பி வரணும் எண்டு கேக்கிறாங்களாம். பசிச்சா வந்து சாப்பிடணுமே, அதால இறைச்சியை மட்டும் மாத்தினாங்களாம்."

யூசுப் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இது புதிதல்ல. எனக்குப் புதிது. விட்டுக்கொடுக்கிறவர்களை எனக்குத் தெரியும், விட்டுக்கொடுக்காமல் முறித்துக்கொண்டு போகிறவர்களையும் தெரியும், நம் குடும்பத்திலேயே இருக்கிறார்கள். ஒரு நெல்மணி அளவுகூட இணங்காமல், அடுப்பை மட்டும் மாற்றிவைத்துக்கொண்டு, மகனுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஒருவரை நான் கண்டதில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் உம்மா சொன்னாள்: "அந்த மனிசி ஒரு வரி கூப்பிட்டா அத்தின பேரும் மறுமொழி சொல்றாங்க. நான் இத்தின வருசமாக் கூப்பிடுறன், உங்கட வாயில இருந்து ஒரு ஓம் வந்திரிக்கா?" நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஊருக்குத் திரும்பினோம். வீடியோ எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. நீ போனில் கேட்டாய், நான் பேசவில்லை. அதற்குப் பிறகு யூசுபின் தாய் உன் மூலமாக அனுப்பிய பதிவுகள் வந்தன. எனக்குப் பல குரல் சேர்ந்து பாடுவது குழப்பம் என்று நீ சொல்லியிருக்கிறாய், அவர் அந்தப் பாட்டின் ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியாகத் தானே பாடி அனுப்பியிருந்தார். மேல்வரிசை, நடுவரிசை, ஆண்களுடைய அடிவரிசை. மின்சாரம் போய் இயந்திரம் நின்ற ஒரு மத்தியானம், அலுவலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். தனியாகக் கேட்டால் ஒன்றும் பிழையில்லை. ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு ஒழுங்காக நடக்கிறது. மேல்வரிசை அழகு. நடுவரிசை பல தடவை ஒரே சுரத்தில் நின்றுகொண்டு மற்றவர்கள் வரும்வரை காத்திருக்கிறது. அடிவரிசை, நெல் காயப்போடுகிற தளம் மாதிரித் தட்டை, அதைத் தனியாகக் கேட்க ஒருவனும் காசு கொடுக்க மாட்டான். பிறகு முழுப் பாட்டையும் போட்டு, நடுவரிசையை மட்டும் காதால் பிடித்துக்கொண்டு போனேன். இரண்டாம் தடவை அடிவரிசையைப் பிடித்தேன். மூன்று வரிசையையும் ஒரே நேரத்தில் கேட்க எனக்கு இன்னும் ஏலாது. வயது போய்விட்டது. ஆனால் அவர்கள் சுருதி விலகவில்லை. ஒன்றோடு ஒன்று ஒட்டாமல், ஒன்றை ஒன்று விடாமல் போவதற்குப் பழகியிருக்கிறார்கள். இதைக் கேட்டுப் பழகாத காதோடு தீர்ப்புச் சொன்னவன் நான். அந்தத் தீர்ப்பை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மற்ற எதையும் திரும்பப் பெறவில்லை. அவருடைய நம்பிக்கை என் நம்பிக்கை அல்ல. அந்தச் சொல் எனக்கு உடன்பாடில்லாத சொல். முன்பு நான் அதைத் தள்ளிவிட்டுக் கேட்டேன், இப்போது அது அங்கே இருப்பது தெரிந்து கேட்கிறேன், உடன்படாமலே கேட்கிறேன். முந்தியது சுகமாக இருந்தது. இது கஷ்டமாக இருக்கிறது. காரைதீவுத் தெருவோரத்தில் இருந்து நான் கேட்டதையும் இனி இப்படித்தான் கேட்க வேண்டியிருக்கும் போலிருக்கிறது, அதற்கு அந்தப் பெண்மணியிடம் எனக்குக் கோபம்தான்.

உனக்குச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். அவர் பாடும்போது பக்கத்தில் இருந்து கேள். நல்ல குரல் என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பாதே, நான் சொல்லி அவர் முகம் வாடியதை நீ பார்த்தாய். அதற்காக, அவர் சொல்லுக்கு ஆமீன் போடவும் வேண்டாம். உன் தொழுகை உன்னோடு. யூசுப் பாடுவதை விட்டது அவனுடைய முடிவு, அதில் தாய்க்கும் மகனுக்கும் நடுவில் நீ போய் நிற்காதே. பிள்ளைகள் பிறந்தால் அவர்களுக்கு எது நம்முடையது என்று தெளிவாகச் சொல்லிக்கொடு, அதன்பிறகு கேட்க விடு. கேட்கிற பிள்ளை கெட்டுப்போகாது. நீ கெட்டுப்போகவில்லை. என்னைக் கேட்காமல் ஆளைத் தெரிந்துகொண்டாய், அது வேறு விஷயம், அந்த மனத்தாங்கல் எனக்குப் போகவில்லை, போக வைக்க நீ முயல வேண்டாம்.

நேற்று மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டுப் பள்ளியில் எல்லோரும் இருக்கத்தக்கதாக மௌலவியிடம் போனேன். உன் மாமாவும் தூணோரத்தில் நின்றான். உன் பெயரைச் சொன்னேன், மாப்பிள்ளையின் பெயரைச் சொன்னேன், தாயின் மார்க்கத்தையும் மறைக்காமல் சொன்னேன். நிக்காஹ் நம் வீட்டில், நம் முறைப்படி, அறுவடை முடிந்த பிறகு. மாப்பிள்ளையின் தாய் வருவார், என் வீட்டில்தான் தங்குவார், அதைப் பற்றிக் கதைக்கிறவர்கள் என் முகத்துக்கு நேரே கதைக்கலாம் என்றேன். மௌலவி கடதாசியை எடுத்துவைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"வலீ நீங்கதான். சம்மதமா, ஹாஜியார்?"

"ஓம்."

"மனசு நிறைஞ்ச சம்மதமா?"

"அத எழுதுறதுக்கு அதுல இடம் இரிக்கா?"

அவர் கடதாசியை மேலும் கீழும் பார்த்தார். "இல்ல."

"அப்ப எழுதுங்க," என்றேன்.

எழுதினார்.

உன் வாப்பா